சுவரில் அப்பிய தக்காளி விதைகள்

என் மனைவி குணலட்சுமி எந்தத் தக்காளியைத் தின்றாலும் முதலில் விதையை எடுத்து வைத்துவிடுவாள். சாம்பலில் பிசைந்து அடுக்களைச் சுவரில் அப்புவாள். யாழ்ப்பாணப் பட்டணத்து றஹ்மத்தும்மா தந்த புளிப்புச் சிறுபழம் ஓரிடம். வட்டுக்கோட்டையில் தாய்வீட்டு நீட்டுக்காய் இன்னோரிடம். சுன்னாகம் சந்தையில் எவரும் வாங்காமல் கிடந்த வரிப்பழம் வேறோரிடம். ஒவ்வொன்றின் கீழும் கரியால் ஓர் அடையாளம். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு.

முப்பத்தெட்டாம் ஆண்டுத் தீபாவளிக்கு முன், அண்ணை பரமலிங்கம் தானாகவே சுண்ணாம்பு வாளியோடு வந்து எங்கள் வீட்டை வெள்ளையடித்தார். தோட்டத்திலிருந்து நாங்கள் திரும்பியபோது சுவர் பளபளத்தது.

"என்ன பிள்ளை, சுவருக்கு அம்மை போட்ட மாதிரி வைச்சிருந்தனீ? எல்லாத்தையும் சுரண்டிப்போட்டன்."

"ஐயோ, அது என்ரை விதையள்!"

வாழையடியில் கொட்டியிருந்த சாம்பலை அவள் சுளகில் அள்ளினாள். கட்டிகளை விரலால் பிரித்துப் பார்த்தாள்.

"எது எதெண்டு இனித் தெரியாது."

"தெரியாமலே போடுவம்," என்றேன்.

அண்ணை சிரித்தார். அவரிடம் வியாபாரி கொடுத்த உருண்டைத் தக்காளி விதை இருந்தது. எங்கள் சண்டிலிப்பாயில் அந்த வருடம் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். "ஒரு நிறம், ஒரு அளவு. சந்தையிலை பேரப்பேச்சே இல்லை. உங்கடை தோட்டமோ, கூட்டுக்கறியோ?"

கிணற்றடிக் காணி எங்கள் இருவருக்கும் பொது. பாதியில் அவர் நட்டார், பாதியில் நாங்கள் கலந்த விதையைப் போட்டோம். "தம்பி, கேள். உன்ரை பாதி சரிவராட்டி, வாற வருசம் முழுக்காணியிலையும் நான்தான் வெங்காயம் வைப்பன்."

நான் தலையாட்டினேன். குணலட்சுமி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. தக்காளி வைக்க எங்களுக்கு வேறு நிலம் இல்லை.

மார்கழி மழை விட்டதும் வாடல் நோய் வந்தது. காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் தலை தொங்கும், மறுநாள் எழும்பாது. அண்ணையின் பாத்திகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் பக்கத்திலும் சாய்ந்தன. காய் பிடித்திருந்ததால் எது எதென்று இப்போது தெரிந்தது; நீட்டுக்காய் முழுவதும் போயிற்று. அவள் அழவில்லை, செத்த செடிகளைப் பிடுங்கி எரித்தாள்.

பிறகு ஒரு காலையில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, இதைப் பாருங்கோ."

செத்த செடிகள் நின்ற குழிகளுக்கு நடுவே வரிப்பழச் செடி நின்றது. சற்றுத் தள்ளி இன்னொன்று. புளிப்புச் சிறுபழமும் அங்கொன்று இங்கொன்றாக நின்றது. அதே மண், அதே தண்ணீர். தனித்தனிப் பாத்தியில் நட்டிருந்தால், நின்ற இடத்து மண் நல்லது என்று அண்ணையும் ஊராரும் சொல்லித் தப்பியிருப்பார்கள். கலந்து நின்றபடியால் அப்படிச் சொல்ல எவருக்கும் வழியில்லை; நின்றது விதையின் பலம்.

மாசியில் அந்த அழகில்லாத பழங்களைச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோனோம். ஊரெல்லாம் உருண்டைத் தக்காளி செத்திருந்ததால் சந்தையில் வேறு தக்காளி இல்லை. அவள் பனையோலைக் கடகப்பெட்டியின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நிற்பது எனக்குப் போதுமாக இருந்தது.

அன்று பின்னேரம் அண்ணை வந்தார். வரிப்பழச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, நிக்கிற விதை கொஞ்சம் தா."

"நிக்கிறதை மட்டும் தரமாட்டன். வாற வருசம் வேறை நோய் வந்தா எது நிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? நீட்டுக்காய்க்கும் தாய்வீட்டிலை சொல்லி விட்டிருக்கிறன். எல்லாத்தையும் கொண்டுபோங்கோ."

அடுத்த வாரம் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவருடைய புது வெள்ளைச் சுவரில், வாசலுக்கு நேரே, சாம்பல் திட்டுகள். ஒவ்வொன்றின் கீழும் கரியால் ஓர் அடையாளம்.

"அம்மை," என்றேன்.

"ஓமடா," என்றார் அண்ணை. "உன்ரை மனிசியிட்டைத் தொத்தினது."