பாவா விட்ட கடைசிச் சொல்

பித்தளை அண்டாவை விரலால் ஒரு தட்டு தட்டினால் அதில் எங்கே ஒட்டு போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, வந்தவர் வாங்க வந்தாரா, பக்கத்துக் கடை விலையைச் சரிபார்க்க வந்தாரா என்பதும் தெரிந்துவிடும். திருத்தணி கடைத்தெருவில் பாத்திரக்கடைக்காரன் பிள்ளையாகப் பிறந்து வளர்ந்தவன் நான். என் நைனா எனக்குச் சோறு ஊட்டியபோதே பேரம் பேசித்தான் ஊட்டினார் என்று அம்மா சொல்வாள். அப்படி வளர்ந்த தேசப்பன் ஏமாந்தான் என்றால் ஊர் நம்பாது. நானே ரொம்ப நேரம் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம். அந்த நேரத்தில்தான் நான் ஷட்டரை இறக்கிவிட்டு மாடிக்குப் போவேன். லட்சுமி வருகிற நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு முருகனைக் கூப்பிடுகிற வியாபாரியை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்பாள் என் வீட்டுக்காரி கோவிந்தம்மாள். மாடியில் சரக்கு அடுக்கிய அறை. கல்யாண அண்டாக்களுக்கும் எவர்சில்வர் குடங்களுக்கும் நடுவே பாய் விரித்து எங்கள் பஜனை கோஷ்டி உட்காரும். ஆம்பளைகள் மட்டும்தான். அப்படியொரு விதி கிடையாது. வீட்டுப் பெண்கள் ஒருமுறை வந்து கேட்டுவிட்டு, இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தாலுகா ஆபீசில் ரிட்டயர் ஆன ராஜமாணிக்கம் ஹார்மோனியம். பள்ளிப்பட்டில் தறி வைத்திருக்கிற எழிலன் டோலக். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கந்தனும் நானும் இன்னும் சிலரும் கையில் தாளத்தோடு பின்பாட்டு. கந்தன் குரல் அடிவயிற்றிலிருந்து வரும். அவன் கண்ணை மூடிக்கொண்டு கீழ் ஸ்தாயியில் ஒரு இழுப்பு இழுத்தால் சுற்றியிருக்கிற அண்டாக்கள் எல்லாம் கூடச் சேர்ந்து முனகும். அதற்காகவே சில பெரிய அண்டாக்களை நான் விற்காமல் வைத்திருந்தேன். வெளியே கேட்டால் சைஸ் சரியில்லை என்பேன்.

முன்பாட்டு முருகவேல் பாவா. எனக்கு அவர் உறவு இல்லை. எங்கள் பக்கத்தில் பாவா என்று கூப்பிட ரத்தபந்தம் தேவையில்லை, நாலு டீ சேர்ந்து குடித்தால் போதும். இன்சூரன்ஸ் ஏஜென்ட். சுடுகாட்டுக்கு வந்த இடத்திலும் பாலிசி பேசுகிற மனிதர், என் மாடியில் மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. அந்த அறையில் யாரும் யாரிடமும் எதையும் விற்பதில்லை. வாரம் முழுக்க விலை சொல்லிச் சொல்லி வறண்டுபோன வாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வியாபாரிக்குத்தான் தெரியும். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை போய்விட்டால் மீதி ஆறு நாளும் வெறும் பாத்திரம்தான்.

பாவாவின் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற கோஷ்டியில் முன்பாட்டுக்காரர் அடியை முழுசாகப் பாடுவார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பாவா அப்படி இல்லை. அடியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டுவிடுவார். நாங்கள்தான் அதை எடுத்து முடிக்க வேண்டும். அந்த இடத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். வருஷக்கணக்கில் பழகி, அவர் நிறுத்தியதும் எங்கள் வாய் தானாகத் திறக்கும். தூக்கத்தில் கொட்டாவி வருகிற மாதிரி.

கார்த்திகை பிறந்த வாரம் பாவாவிடமிருந்து கோஷ்டி வாட்ஸ்அப்புக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தொண்டையில் புண், டாக்டர் பேசவே கூடாது என்கிறார், படித் திருவிழா வரைக்கும் ஓய்வு என்று ஒரே கரகரப்பு. அந்தக் கரகரப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு வருத்தப்பட்டோம். அவருக்கு யாரும் போன் பண்ணக் கூடாது என்று எங்களுக்குள் கட்டுப்பாடு போட்டுக்கொண்டோம். ராஜமாணிக்கம் அவருக்காக வேண்டிக்கொண்டு வெங்காயத்தை விட்டார். கோவிந்தம்மாள் மிளகும் சித்தரத்தையும் போட்டு ஒரு கஷாயம் வைத்துத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். கந்தன் ஆட்டோவில் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். எப்படி இருக்கிறார் என்று கேட்டோம். பார்க்கவில்லை, படுத்திருக்கிறார், அவர் சம்சாரம் பிரபாவதி அக்காதான் தூக்கை வாங்கிக்கொண்டார்கள் என்றான்.

அதுவரைக்கும் முன்பாட்டு நான் பாடுவது என்று முடிவானது. என் தொண்டை விலை சொல்லப் பழகிய தொண்டை. பாடும்போதும் குறைத்துக் கேட்பார்களோ என்கிற பயம் அதில் இருக்கும். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

நடுவில் ஒருநாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவர் கடைக்கு வந்து மொத்தமாகத் தாளம் கேட்டார். ஏதோ பிளாட் போட்டு விற்கிற கம்பெனியில் வேலையாம், சுவாமி காரியமாம். ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்தார். ஒரு கிண்ணம் கொஞ்சம் கனமாகவும் இன்னொன்று லேசாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் சத்தம் உட்காரும் என்றார். கடைக்கு வருகிறவர்கள் ஒரே மாதிரி ஜோடிதான் கேட்பார்கள். கனமும் லேசும் சேர்க்கிற பைத்தியம் இந்த ஊரில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. என் மாடியில் உட்கார்ந்துதான் அவர் அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் நான் பேரத்தில் மும்முரமாக இருந்தேன். வந்தவர் எழுந்து போகிற மாதிரி போனார், நான் கூப்பிடாத மாதிரி இருந்தேன், திரும்பி வந்தார். நல்ல வியாபாரம் என்று கல்லாவைச் சாத்தினேன்.

இங்கிலீஷ் வருஷக் கடைசி நாள் மலையில் படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு பாட்டு. ஊர் ஊராகக் கோஷ்டிகள் வரும். ஒன்று பாடி ஏற, அடுத்தது பின்னால் ஏறும். காலை வெயில் கல்லில் ஏறுவதற்குள் நாங்கள் அடிவாரத்தில் நின்றோம். ராஜமாணிக்கம் ஹார்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பாவா கேட்டால் சந்தோஷப்படுவார், போனில் பிடித்து அனுப்பலாம் என்றான் எழிலன்.

எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது ஒரு புதுக் கோஷ்டி. சந்தனக் கலர் பட்டு ஜிப்பா, முதுகில் பிளாட் கம்பெனியின் பெயர், சக்கரம் வைத்த ஸ்பீக்கர், கழுத்தில் மாட்டிய கீபோர்டு, இரண்டு கேமரா. கையிலிருந்த தாளங்கள் வெயிலில் மின்னின. என் சரக்கு என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அடையாளம் தெரிந்த சந்தோஷத்தில் ராஜமாணிக்கத்துக்குக் காட்ட வாயைத் திறந்தேன்.

அப்போது ஸ்பீக்கரில் முருகவேல் பாவா பாடினார்.

புண்ணும் இல்லை, கரகரப்பும் இல்லை. தேனில் முக்கி எடுத்த குரல். பட்டு ஜிப்பா கூட்டத்துக்கு நடுவில் மைக்கைப் பிடித்து நின்றார். எழிலன் கையிலிருந்த போனைப் பையில் வைத்துக்கொண்டான். ராஜமாணிக்கம் மட்டும் மெதுவாக, "தொண்ட சரியாயிட்ச்சி போல கீது" என்றார். இத்தனை நாள் வெங்காயம் இல்லாமல் சாப்பிட்ட மனிதர்.

நம்ம படியை நாம் பாடுவோம் என்றேன். இன்று பாடாமல் இறங்கினால் அடுத்த வெள்ளிக்கிழமை மாடிக்கு யாரும் வரமாட்டார்கள், அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கற்பூரம் ஏற்றி அடியை எடுத்தேன். மைக் இல்லாத, விலை சொல்கிற குரல். பாடிக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து பாவாவின் அடி இறங்கி வந்தது. அதுவும் எங்கள் பாட்டுதான், படிக்கு எந்தப் பாட்டு என்கிற வரிசையை எங்களுக்குப் போட்டுக் கொடுத்ததே அவர்தானே. பாடி, கடைசிச் சொல்லை விட்டார்.

அவருடைய புது ஆட்களுக்கு அது இன்னும் பழகவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துத்தான் பாடினார்கள். அவர்கள் சொல்லைத் தேடி எடுப்பதற்குள் எங்கள் கோஷ்டி அதைப் பாடி முடித்துவிட்டது.

நான் எடுத்த அடி பாதியில் நின்றது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பாவாவுக்குப் பாடியிருந்தார்கள். திரும்பித் திட்டலாம் என்று பார்த்தபோதுதான் தெரிந்தது, என் வாயும் திறந்திருந்தது.

பாவா திரும்பிப் பார்த்தார். முகத்தில் வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். கேமராக்காரரைத் தொட்டு எங்கள் பக்கம் காட்டினார். ஒரு கேமரா கீழே திரும்பியது. அடுத்த அடியை எங்களைப் பார்த்தே பாடி, சொல்லுக்கான இடத்தை இன்னும் நீட்டமாக விட்டார். எங்கள் வாய் மறுபடியும் முடித்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆளைப் படிக்கிறவனுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. எங்களுக்கு முன்னால் இடம் கேட்டு வாங்கியதே இதற்குத்தான். அவருக்கு எங்கள் குரல் வேண்டும். நாங்கள் வேண்டாம்.

தாளத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து மூடினேன். ராஜமாணிக்கம் ஹார்மோனியக் கட்டையிலிருந்து விரலை எடுத்தார். எழிலன் டோலக்கின் மேல் உள்ளங்கையை வைத்தான். பேரத்தில் எதிராளி விலை சொன்ன பிறகு வாயைத் திறக்காமல் இருப்பதைப் போலப் பலமான ஆயுதம் கிடையாது. நைனா சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். பாவா அடுத்த அடியைப் பாடினார், சொல்லை விட்டார். நாங்கள் கல் மாதிரி நின்றோம். ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் ஓடியது. பட்டு ஜிப்பாக்கள் போனைத் தடவின. அந்த வெற்றிடத்தில் பாவாவின் முகம் மாறத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது என் தோளுக்குப் பின்னால் ஒரே ஒரு குரல் அந்தச் சொல்லைப் பாடியது. அடிவயிற்றிலிருந்து, கீழ் ஸ்தாயியில், மலைக்கல்லே அண்டா மாதிரி முனகும்படி.

கந்தன்.

பழக்கதோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினேன். கந்தன் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவான். இப்போது கண் திறந்திருந்தது. மேலே பாவாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்தான். "கஷாயம் குடுக்கப் போனேனே, அன்னிக்கே. உள்ள பாடிகினு இருந்தாரு. அக்கா கதவ சாத்தறதுக்குள்ள கேட்டுட்சி."

"எங்க கிட்ட படுத்துனு இருக்கார்னு சொன்ன."

"அவருதான் வெளிய வந்து சொல்லச் சொன்னாரு. என்னையும் கூப்டாருண்ணே. ஜிப்பா கூட தச்சி வெச்சிக்கிறாங்களாம்."

"நீ இன்னா சொன்ன?"

"வரேன்னும் சொல்லல. வரலன்னும் சொல்லல."

அத்தனை வெள்ளிக்கிழமையும் நான் தப்பும் தவறுமாக முன்பாட்டு பாடியபோது, பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அண்டாக்களை முனக வைத்தவன். பாவா தூரத்திலிருந்து செய்தார். இவன் என் பாயில் உட்கார்ந்துகொண்டே செய்தான். யார் மேல் எவ்வளவு கோபம் என்று பிரித்துப் போட்டுப் பார்த்தேன். இவன் பங்குதான் கனமாக இருந்தது.

கற்பூரம் அணையப் போனது. நான் அடியை எடுத்தேன். கடைசிச் சொல்லை யாருக்கும் விடாமல் நானே பாடினேன். சுருதி கொஞ்சம் தப்பியது. ராஜமாணிக்கம் பின்னாலேயே வந்து பிடித்துக்கொண்டார். எழிலன் அடித்தான். மற்றவர்கள் முழு அடியையும் திருப்பிப் பாடினார்கள். இரண்டு படி, மூன்று படி என்று பழகிவிட்டது. மேலேயிருந்து பாவா வந்தபோதெல்லாம் நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம். கந்தன் பாடவில்லை. தாளத்தை மடியில் கட்டிக்கொண்டு ஒரு படி பின்னாலேயே ஏறி வந்தான். அவன் இல்லாத பாட்டு, அடி இல்லாத பாத்திரம் மாதிரி இருந்தது. எது ஊற்றினாலும் நிற்கவில்லை. ஆனாலும் மேலே போய்ச் சேர்ந்தோம்.

கோயில் மண்டபத்தில் பாவாவே தேடி வந்தார். நெற்றியில் சந்தனம், தோளில் யாரோ போட்ட மாலை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சிக்காத தேசப்பா. நம்ம பாட்டு நாலு பேருக்குப் போவ வேணாமா? மாடியில அண்டாவுக்குப் பாடி இன்னா ஆவப்போவுது? தாளம் மட்டும் பிரமாதம்டா. உன் கடதான்னு நான்தான் சொல்லி அனுப்சேன்."

அந்த வியாபாரமும் அவர் எனக்குப் போட்ட பிச்சை என்று ஆனது. நாக்கில் நிறைய வந்தது. மலைமேல் வேண்டாம் என்று விழுங்கினேன்.

"ஜோடி ஏதாவது சரியில்லன்னா கொண்டாங்க பாவா, மாத்தித் தரேன்" என்றேன். "வெள்ளிக்கெழம சாயந்தரம் மட்டும் வராதீங்க. கட சாத்தியிருக்கும்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

மத்தியானம் இறங்கினோம். ராஜமாணிக்கமும் எழிலனும் மற்றவர்களும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஹார்மோனியப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. அடிவாரத்தில் கந்தன் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தான். ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கிப் பின்சீட்டில் வைத்தான். வேறு வண்டி இல்லாமல் இல்லை. இருந்தும் நான் ஏறி உட்கார்ந்தேன்.

கடைத்தெரு வரைக்கும் ஓட்டி வந்தான். ஷட்டர் முன்னால் நிறுத்திவிட்டு, திரும்பாமல், கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"வெள்ளிக்கெழம நானும் வரலாமாண்ணே?"

மாடியில் விற்காமல் வைத்திருக்கிற அண்டாக்கள் ஞாபகத்துக்கு வந்தன. பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். நைனா சொல்லிக் கொடுத்த மாதிரி வாயைத் திறக்கவில்லை.