இன்னும் இரண்டு அங்குலம்

கூடத்துச் சுவரை ஒட்டி அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் கையைப் போட்டபடி, அவளை ஒட்டி அத்தை. கால்மாட்டில் எதிர்வீட்டுப் பெண்கள் இருவர். தங்கையின் கணவன் ஒரு காலில் செருப்பும் மறுகாலில் வெறுமையுமாக வாசல்படியில் நின்றான். உள்ளே வருவதா, வெளியே போவதா என்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. முற்றத்தில் வாடகை நாற்காலிகளில் அப்பாவோடு வண்டி ஓட்டியவர்கள். கடைசி நாற்காலியில், தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து, ஒர்க்‌ஷாப் ஜாக்கி. குட்டையான ஆள், எதையும் தூக்கி நிறுத்திவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

மூத்தவள் உட்காரவில்லை. விடியற்காலையிலிருந்து அந்தத் தலைமாட்டில் இருந்தவள் அவள்தான். கடைசி பஸ் நிறுத்தத்துத் தேநீர்க் கடைக்குச் சொல்லியனுப்பியதில் செய்தி கிடைத்து, மலையிலிருந்து முதல் பஸ்ஸில் தங்கை அலறிக்கொண்டு வந்து இறங்கியதும் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். மூத்தவளும் எழுந்தாள். எழுந்த இடத்தில் தங்கை உட்கார்ந்தாள். அதன்பிறகு மூத்தவளுக்குத் தேநீர் ஊற்றுகிற வேலை வந்து சேர்ந்தது.

“பாவம், தூரத்துல இருந்தவ. கடைசியா ஒரு வார்த்தை பேசக்கூடக் குடுத்துவைக்கலியே,” என்றாள் அத்தை.

இரண்டு தெரு தள்ளி இருந்த மூத்தவளும் பேசியிருக்கவில்லை. தினமும் மதியம் சாப்பாட்டை மேசைமேல் வைத்துவிட்டு வருவாள். அவர் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். நேற்றும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். பிறகு எழவில்லை.

“அமரர் ஊர்தி வந்துருச்சு. உள்ள வர வழியில்ல. அந்த பிக்கப்பை யாராவது நகத்துங்கப்பா,” என்று வெளியே குரல் கேட்டது.

பிக்கப் முற்றத்தின் ஓரத்தில் கித்தான் போர்த்தி நின்றது. மூத்தவள் கித்தானை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து ஏறப் போனாள். கால் படியில் படவில்லை. வெறும் காற்றை மிதித்து, முழங்கால் தகரத்தில் இடித்தது.

அந்த வண்டியின் படி எங்கே இருக்கும் என்று அவள் காலுக்குத் தெரியும். அவளுக்கு வீல் அலைன்மென்ட் கடை. போன வருஷம் நாலு அங்குலம் தூக்கிக் கட்டியது அவள்தான். தங்கையின் வீட்டுக்குப் போகும் பாதையில் ஓர் ஓடை உண்டு. கல்லும் பள்ளமுமான ஓடை. ஒவ்வொரு வாரமும் அதைத் தாண்டிப் போய்த் தங்கை வீட்டுக் குழாய்க்கு வாஷர் போட்டுவிட்டு வருவதற்காகத்தான் அப்பா வண்டியைத் தூக்கச் சொன்னார். மூத்தவள் வீட்டுக் குழாய்க்கு மூத்தவளேதான் வாஷர் போட்டுக்கொண்டாள்.

இந்த வருஷ மழையில் ஓடை இன்னும் அரித்துவிட்டது.

“இன்னும் ரெண்டு இஞ்ச் தூக்கிரு,” என்று அப்பா கடையில் வந்து நின்றார்.

“தூக்குறது பெரிசில்லப்பா. ஸ்டியரிங்க என்ன பண்றது? பெட்டியில இருந்து சக்கரத்துக்குப் போற ராடு இப்பவே சாஞ்சு நிக்குது. இன்னும் தூக்கினா ஏணி மாதிரி ஆயிரும். பள்ளத்துல எறங்கினா நீங்க ஒரு பக்கம் திருப்புவீங்க, அது ஒரு பக்கம் போகும். அதுக்கான சாமான் வரவழைச்சுத்தான் செய்யணும்.”

“நான் மெதுவாத்தானே போறேன்.”

“மெதுவாப் போயி பள்ளத்துல விழுந்தாலும் பள்ளம் அதேதான்.”

அவர் சிரிக்கவில்லை. “உனக்கு நான் அங்க போறதே பிடிக்கல,” என்றார். அன்றோடு பேச்சு குறைந்தது.

மூத்தவள் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தாள். ஸ்பிரிங்குகளின் தலையில் புது இரும்புக் கட்டைகள், பெயின்ட் வாடை போகாமல் பளபளத்தன. ஸ்டியரிங் ராடு அவள் சொன்ன ஏணியாகவே நின்றது. நிமிர்ந்தபோது தூணுக்குப் பின்னாலிருந்து ஜாக்கி எழுந்து வந்திருந்தார்.

“நீங்களா?”

“நான் சொன்னேம்மா. பொண்ணு கடைக்கு ஒரு தடவ கொண்டுபோயி காட்டிருங்கன்னு சொன்னேன். அவ பாத்தா பிரிச்சுப் போட்டுருவான்னார்.”

மழைக்குத்தான் கித்தான் போர்த்துகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். தொற்றி ஏறி, வண்டியைப் பின்னால் எடுத்து ஊர்திக்கு வழிவிட்டாள்.

எல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தங்கையின் கணவன் பையைக் கொண்டுபோய் பிக்கப்பின் பின்னால் வைத்தான்.

“அக்கா, நாங்க வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புறோம். இருட்டுறதுக்குள்ள ஓடையைத் தாண்டணும்.”

“வண்டி வேண்டாம் தம்பி. பஸ்ல போங்க.”

“ஏன்?” என்றாள் தங்கை.

“ஸ்டியரிங் சரியில்ல.”

“போன வாரம் அப்பா இதுலதானே வந்தாரு? தண்ணி கதவுக்குக் கீழயே நின்னுச்சு. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அவருக்கு! எறங்கி நின்னு திரும்பித் திரும்பி வண்டியையே பாத்துக்கிட்டிருந்தாரு.”

அந்தச் சந்தோஷத்தை மூத்தவள் பார்க்கவில்லை. அது எப்படி இருந்திருக்கும் என்று தங்கைக்குத்தான் தெரியும்.

“அவருக்குப் பழகின கை. தம்பிக்கு மலை எறங்கும்போது தாங்காது.”

“நான் வண்டிய எடுத்துட்டுப் போறது உனக்குப் பிடிக்கல. நேரா சொல்லிரேன்க்கா.”

அத்தை முற்றத்துக்கு வந்துவிட்டாள். “இன்னிக்கே இந்தப் பேச்சு எதுக்குடி? விட்டுக்குடேன். உன் கடைக்குத் தெனமும் பத்து வண்டி வருது. அவ மலையில கால்நடையா போவாளா?”

“இது விட்டுக்குடுக்குற விஷயம் இல்ல அத்தை.”

“பின்ன? வயித்தெரிச்சலா?”

அத்தை பாதி வேடிக்கையாகத்தான் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

வயிற்றெரிச்சல் இருந்தது. ஸ்டியரிங்கும் சரியில்லை. அவள் வாயைத் திறந்து இரண்டாவதைச் சொன்னால், கேட்கிறவர்கள் காதில் முதலாவது விழுகிறது. இன்னும் பத்து முறை சொன்னாலும் அப்படித்தான் விழும்.

“ஏறி உக்காரு,” என்றாள் தங்கையிடம்.

“என்னது?”

“உக்காரு. இன்ஜின ஸ்டார்ட் பண்ணு. கியர் போடாத. ஸ்டியரிங்ல கை வைக்காம சும்மா பாத்துக்கிட்டிரு.”

தங்கை ஏறி உட்கார்ந்தாள். மூத்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு முன்பம்பரின்மேல் ஏறினாள். பானெட்டைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, ஒரே மிதியாக மிதித்தாள். வண்டி லேசாகத்தான் அசைந்தது.

“துக்க வீட்டுல இது என்ன கூத்து!” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“ஜாக்கி, நீங்களும் வாங்க.”

“நானாம்மா?”

“தூக்குனவரு நீங்கதானே. எறக்கவும் வாங்க.”

ஜாக்கி சுற்றிலும் பார்த்துவிட்டு ஏறினார். இருவரும் சேர்ந்து மிதித்தார்கள். வண்டியின் மூக்கு தாழ்ந்தது, எழுந்தது. மறுபடி மிதித்தார்கள். இப்போது நன்றாகத் தாழ்ந்து, நன்றாக எழுந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

கண்ணாடிக்குள்ளே, யாரும் தொடாத ஸ்டியரிங் வலப்பக்கம் ஒரு கையகலம் திரும்பியது. வண்டி எழும்போது இடப்பக்கம் வந்தது. மறுபடி வலம். தங்கை முதலில் கையை விலக்கி உடம்போடு வைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல நீட்டிப் பிடித்தாள். அது அவள் கையையும் சேர்த்து இழுத்தது. அவள் இறுக்கிப் பிடித்தாள், மணிக்கட்டு நடுங்கியது.

மூத்தவள் இறங்கினாள். தங்கை இன்ஜினை நிறுத்தினாள். ஆனால் இறங்கவில்லை.

“அன்னிக்கு அப்பா எறங்கினதும் கைய உதறிக்கிட்டே இருந்தாரு,” என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடி. “குளிருதோன்னு நெனச்சுக் கம்பளி குடுத்தேன்.”

மூத்தவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

தங்கையின் கணவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். பஸ் நிறுத்தம் வரை மூத்தவளும் கூடப் போனாள். பஸ் வந்த பிறகுதான் தங்கை கேட்டாள்.

“ரெண்டு இஞ்சையும் எறக்கிருவியா?”

“எறக்கினா பழையபடி சரியாயிரும்.”

“எறக்கினா ஓடை தாண்டாது.” தங்கை கொஞ்சம் யோசித்தாள். குரலில் கோபமில்லை. “அப்ப உன்கிட்டயே இருக்கட்டும்க்கா. எனக்கு எதுக்கு.”

காலையிலிருந்து மூத்தவள் கேட்க விரும்பியது அந்த வார்த்தையைத்தான். பஸ் போன பிறகும் அவள் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள்.

மறுவாரம் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தாள். கட்டைகளைக் கழற்றுவது ஒரு மதிய வேலை. அடியில் படுத்து, முதல் நட்டில் ஸ்பேனரையும் மாட்டினாள். மாட்டியபடியே வெகுநேரம் படுத்திருந்தாள். பிறகு ஸ்பேனரை எடுத்துவிட்டு வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குப் போன் செய்தாள். ஸ்டியரிங் பெட்டிக்குக் கீழிறங்கிய கை ஒன்று, அச்சைப் பிடித்திருக்கும் கம்பிக்கு இறக்கிக் கட்டும் தாங்கி ஒன்று, நீளமான பிரேக் ஹோஸ் இரண்டு.

சாமான் வந்ததும் ஜாக்கியையும் கூப்பிட்டுக்கொண்டாள். ராடையும் கம்பியையும் ஒரே சாய்வில், தண்டவாளம்போலப் படுக்க வைத்தாள். தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு ஏற்றினாள். ஸ்டியரிங் அசையவில்லை. “இதைப் பாக்க அவரு இல்லியே,” என்றார் ஜாக்கி. “பாத்திருந்தா இன்னும் ரெண்டு இஞ்ச் கேட்டிருப்பாரு,” என்றாள் மூத்தவள்.

மலையில் போன் எடுக்காது. கடைசி பஸ் நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் கடிதம் கொடுத்தால் தங்கைக்குப் போய்ச் சேரும். மூத்தவள் கடை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். முதல் தாளில், நான் அன்றைக்கே சொன்னேன் என்று ஒரு வரி வந்தது. தாளை மடித்து ஓரமாக வைத்தாள். இரண்டாவது தாளில், எனக்காக அவர் ஒருநாளாவது என்று தொடங்கி, அங்கேயே நிறுத்தினாள். மூன்றாவது தாளில் வேலையைப் பற்றி மட்டும் எழுதினாள்.

வண்டி ஆறு அங்குலத்திலேயே நிற்கிறது. இறக்கவில்லை. ஸ்டியரிங் சரி செய்தாகிவிட்டது. மாதம் ஒருமுறை நட்டுகளை இறுக்கிப் பார்க்கத் தம்பியிடம் சொல். தண்ணீரில் இறங்கி ஏறியதும் பிரேக்கை இரண்டு தடவை மிதித்துக் காயவைக்க வேண்டும். வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். ஏற்றத்தில் ஸ்டியரிங் எப்படி நிற்கிறதென்று பார்க்க வேண்டியிருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் வந்துகொள்வேன். ஓடையில் அப்பா எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கமாக இறங்குவார் என்று விவரமாக எழுது.

படித்துப் பார்த்தாள். அடித்துத் திருத்த ஒன்றும் இல்லை. உறையில் போட்டு, பசை தடவி, ஒட்டும்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மலைப் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

“பதில் உண்டாக்கா?” என்றார் கண்டக்டர்.

“உண்டு. குடுத்தா வாங்கிட்டு வாங்க.”

அவர் உறையைத் தோல்பைக்குள் செருகிக்கொண்டு விசிலை ஊதினார்.