ஆறு பேர், ஒரே பக்கம்

சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சதுரங்கக் கழகத்தில் உறுப்பினர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே பக்கம்தான் ஆடுவார்கள். எதிராளி என்று யாரும் கிடையாது.

எல்லாம் ஒரு சண்டையில் வந்த வினை. கழகம் தொடங்கிய புதிதில் லிஃப்ட் மெக்கானிக்கும், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர் மனைவியின் அண்ணனும் மோதினார்கள். மச்சான் குதிரையைத் தொட்டுவிட்டு யானையை நகர்த்தினார். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்றார் மெக்கானிக். வார்த்தை தடித்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுவிடும் போலாயிற்று. மெக்கானிக்கின் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை. அலறுகிறவர்களை அடக்கிப் பழகியவர். பலகையைக் கவிழ்த்துவிட்டுச் சட்டம் போட்டார்.

"இனிமே இங்க யாரும் யாரையும் ஜெயிக்கக் கூடாது. முன்னேறினா எல்லாரும் சேர்ந்து முன்னேறுவோம்."

அன்றிலிருந்து அவர்தான் தலைவி. வெள்ளைக்கு என்ன ஆடுவது என்று ஆறு பேரும் கூடிப் பேசி, கை தூக்கி முடிவெடுத்துக் காயை நகர்த்துவார்கள். பிறகு ஆறு பேரும் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, மறுபக்கம் உட்கார்ந்து, 'பாவிங்க, இப்படி ஆடிட்டாங்களே' என்று மனதாரத் திட்டிவிட்டுக் கறுப்புக்கு யோசிப்பார்கள். ஆட்டம் என்னவோ நன்றாகத்தான் தேறியது. கீழே சலவைக்காரரின் கூரை விரிசல் விட்டதுதான் நஷ்டம். அவரும் உறுப்பினர் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

மெக்கானிக்குக்கு மட்டும் ஓர் உறுத்தல். அவர் தனியாக எதையும் ஜெயித்ததில்லை, தோற்றதும் இல்லை. கழுத்துக்கு மேல் இருப்பது தன் சொந்தத் தலையா, கழகத்தின் பொதுத் தலையா என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று நிஜமாகவே பயந்தார்.

இந்த நேரத்தில்தான் தபால்காரர்கள் கழகம் சவால் விட்டது. பக்கத்துக்கு ஓர் ஆள், ஒரே ஆட்டம். யாரை அனுப்புவது என்று வாக்கெடுத்தபோது மெக்கானிக் எங்கோ இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தார். வராதவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் வெளியே முனகினார், உள்ளுக்குள் துள்ளினார்.

எதிரே வந்து உட்கார்ந்த தபால்காரர் நெட்டையான, சாதுவான மனிதர். மெக்கானிக் வெள்ளைச் சிப்பாயை நகர்த்தினார். கடிகாரத்தைத் தட்டினார். எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து தபால்காரரின் மடியில் உட்கார்ந்தார்.

"சார்," என்றார் தபால்காரர் மரியாதையாக, "இது என் இடம்."

"மன்னிச்சுக்குங்க. பழக்கதோஷம்."

அடுத்த தடவை தபால்காரரின் தோளைத் தட்டி, "கொஞ்சம் நகர்ந்துக்குங்க" என்றார். அதற்கடுத்த தடவை தபால்காரரே பாதி நாற்காலியை ஒதுக்கிக் கொடுத்தார். நடுவர் தலையில் கை வைத்தார். மறுபடி உட்கார்ந்தால் ஆட்டம் போச்சு, வேண்டுமானால் பின்னால் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

பின்னால் நின்றபோதுதான் மெக்கானிக்குக்கு அது பட்டது. கறுப்பு ராஜா மூலையில் தன் ஆட்கள் சூழ நெரிபட்டு நின்றார். வெள்ளை ராணி அவர் பக்கத்தில் போய் விழுந்தால் கறுப்பு யானை அவளை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் வெள்ளைக் குதிரை பாயும். ராஜாவுக்கு ஓட ஓர் அங்குலம் இல்லை.

இடத்துக்குத் திரும்பி ராணியை நோக்கிக் கையை நீட்டினார். பார்வையாளர் தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் நின்ற கழகம் இதைக் கண்டு பதறியது. பேசக் கூடாது என்பதால் ஐந்து தலைகளும் 'வேண்டாம்' என்று ஒரே சீராக ஆடின. எந்தக் கூட்டத்திலும் தூங்கிவழியும் பஸ் டிரைவர்கூட விழித்துக்கொண்டு ஆட்டினார். மச்சானின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக்கின் மனைவி கண்ணை உருட்டினார். அந்தக் கண்ணுக்கு அவர் இருபது வருஷம் கட்டுப்பட்டவர்.

ராணியைக் கொண்டுபோய் ராஜாவின் பக்கத்தில் வைத்தார். இந்தத் தடவை எழவில்லை.

தபால்காரர் வெகுநேரம் பலகையை முறைத்தார். கடைசியில் அவரே எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

"ஆமாங்க, இங்கேருந்து பார்த்தா நல்லாவே தெரியுது," என்றார். "நான் தோத்துட்டேன்." கையைக் குலுக்கினார்.

கழகம் கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தது. "மாப்ளே, ஜெயிச்சுட்டோம்!" என்று மச்சான் கட்டிப்பிடித்தார்.

"நாம இல்ல மச்சான். நான்."

மச்சானின் முகம் தொங்கிப்போனது. மெக்கானிக்கின் மனைவி நடுவில் வந்து நின்றார்.

"அதெப்படிங்க நீங்களா முடிவு பண்றது? வாக்கெடுப்புக்கு விடறேன். ஜெயிச்சது நாமன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஐந்து கைகள் எழுந்தன. இதிலெல்லாம் பழக்கமில்லாத தபால்காரர் பாதி தூக்கி இறக்கிக்கொண்டார்.

"இல்ல, இவர் மட்டும்தான்னு சொல்றவங்க?"

மெக்கானிக் கையைத் தூக்கினார்.

"அஞ்சுக்கு ஒண்ணு," என்றார் மனைவி. "நீங்க தோத்துட்டீங்க."

மெக்கானிக் தூக்கிய கையை இறக்கவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு ஆயுசில் வந்ததில்லை.

"ஆமா, தோத்துட்டேன்," என்றார். "இதுல யாரும் பங்குக்கு வராதீங்க."