எலிக்காலில் ஒரு கோடு

எலியின் பின்னங்காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, மையால் ஒரு கோடு போட வேண்டும். காலை வீங்கவைக்கிற ஊசி போட்டபின் அந்தக் கோடு வரைக்கும் காலைத் தண்ணீர்க் குழாயில் முக்கினால், ஏறுகிற தண்ணீர்தான் வீக்கத்தின் அளவு. மணிக்கொரு தரம் மை அழியும். மறுபடி போட வேண்டும். ஆய்வுக்கூட உதவியாளரான தங்கைக்கு எட்டு வருடமாக இதே பிழைப்பு. கோடு போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று பேர்.

மூட்டுவலிக்குத் தலைமுறை தலைமுறையாகச் சாறு பிழிந்து குடிக்கிற கசப்புப் பழம் ஒன்று சோதனைக்கு வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தையல்காரியான அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். டாக்டர் கொடுத்த மாத்திரை கையைக் காப்பாற்றியது, வயிற்றைப் புரட்டியெடுத்தது. பழச்சாறு புகட்டிய எலிகளுக்கு வீக்கம் பாதியாகக் குறைந்தது என்று முடிவு வந்த அன்று, தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அக்கா, நான் சொன்னேனே, அந்தப் பழம் ஜெயிச்சிடுச்சு."

"நீயே அளந்தியா?"

"என் கையாலயே அளந்தேன்."

அப்புறம் டாக்டர் எதற்கு? மாத்திரை அலமாரிக்கு ஏறியது. பழக் கஷாயத்தைக் காலையும் மாலையும் தங்கையே கொதிக்கவைத்துக் கொடுத்தாள், புண்ணியவதி. மூன்றாம் மாதம் அக்காவின் விரல்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியபோதுகூட, மருந்து வேலை செய்யும்போது அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னவளும் அவள்தான்.

நாலு மாதம் கழித்து ஆய்வுக்கூடத் தலைவி வேறொருவரை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தார். எந்தக் கூண்டுக்குப் பழம், எந்தக் கூண்டுக்கு வெறும் தண்ணீர் என்று அளந்தவருக்குச் சொல்லவில்லை. எல்லா எலிக்கும் கால் ஒரே மாதிரி வீங்கியது. தலைவி முதல் சோதனையில் ஒவ்வொரு அளவின்போதும் எடுத்திருந்த படங்களை மேசையில் பரப்பினார்.

"பழம் குடிச்ச எலிங்களுக்கு மட்டும், நீ ஒவ்வொரு தடவை திருப்பிப் போடும்போதும் கோடு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்மா. முங்குற கால் குறைஞ்சா வீக்கமும் குறைஞ்ச மாதிரிதான் காட்டும். எது எந்தக் கூண்டுன்னு உனக்குத் தெரியுமா?"

"நான்தானே மேடம் புகட்டினேன்."

வேண்டுமென்றே செய்யவில்லை என்று அவள் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள். அதில் பொய்யும் இல்லை. தலைவி திட்டியிருந்தாலாவது தேவலை. "ஆசைப்பட்டுட்ட," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படங்களை அடுக்கினார்.

வீட்டில் அக்கா தையல் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெட்டாத துணி மடியில் கிடந்தது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையவில்லை. பக்கத்தில் டம்ளரில் காலைக் கஷாயம் ஆறிப்போயிருந்தது.

"நான் அளந்தது தப்புக்கா. அந்தப் பழத்துல ஒண்ணும் இல்ல. நாளைக்கே டாக்டர்கிட்ட போகலாம்."

அக்கா சாய்ந்த விரல்களை மெஷின் மேல் விரித்து வைத்தாள்.

"கோணினது நேராகுமா?"

"இனிமே கோணாம பாத்துக்கலாம்."

"சரி. அந்த டம்ளரை நீயே எடுத்துக் கொட்டிடு. எனக்கு அதைப் பிடிக்க முடியாம ரெண்டு வாரமாச்சு. நீ அளந்ததாச்சேன்னுதான் சொல்லல."