ஜோடி சரியாக இருக்கிறது

அந்த ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தில் எதைத் தொட்டாலும் அதுவும் திருப்பித் தொடும். ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் இதற்குச் சம்மதித்து முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

எஸ்தர் உரலைத் தொட்டாள். உரல் அவள் கன்னத்தைத் தொட்டது. ஜில்லென்று இருந்தது.

அவளுடைய ஜோடி பெனிட்டா எதையும் தொடவில்லை. காலையில் பஸ்ஸில் எஸ்தர் ஜன்னல் சீட்டை விட்டுத் தரவில்லை. அப்போதிருந்து பேச்சு இல்லை. ஆனாலும் பெனிட்டா அவள் கையைப் பிடித்தபடிதான் நடந்தாள். அது புஷ்பலதா டீச்சரின் சட்டம்.

கடைசி அறையில் ஒரு பழைய வகுப்பறை இருந்தது. பெஞ்சில் மண்ணால் செய்த சிறுமி, கையில் சிலேட்டு. தொட்டுப் பார்க்கலாம் என்றார் காவலர். எஸ்தர் பெனிட்டாவின் கையை விட்டுவிட்டு மண் சிறுமியின் கையைப் பிடித்தாள்.

மண் சிறுமி திருப்பிப் பிடித்தாள். எழுந்து, எஸ்தரை உட்காரவைத்து, சிலேட்டைக் கொடுத்து, அவளுடைய அடையாள அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு போய் பெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்தர் எழப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே அவள் பெஞ்சாக இருந்தாள்.

வழக்கமாக நடப்பதுதான் என்றார் காவலர். தலைக்கணக்கு இடித்தால் மட்டும் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம்.

புஷ்பலதா டீச்சர் கணக்கெடுக்கும்போது முகங்களைப் பார்ப்பதில்லை. பேரைக் கூப்பிடுவார்; ஜோடிதான் பதில் சொல்ல வேண்டும். தான் இருப்பதாக யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், அதை நம்ப முடியாது என்பது அவர் கட்சி.

வரிசை வாசலுக்குப் போனது. நடுவில் தாழ்வாரம் நீண்டுகொண்டே போயிற்று. குரல்கள் மட்டும் பக்கத்திலேயே நின்றன.

"எஸ்தர்?"

பெனிட்டா வாய் திறக்கவில்லை.

"டீச்சர், நான் இங்க இருக்கேன்," என்றாள் எஸ்தர்.

"யாருட்டி அது, தன் பேருக்குத் தானே பதில் சொல்லுதது? பெனிட்டா, உன் ஜோடி இருக்காளா?"

பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். எஸ்தர் அவசரமாகச் சொன்னாள்:

"ஏட்டி, போகும்போது ஜன்னல் சீட்டு உனக்குத்தான்."

"காலையிலயே சொல்லிருக்கலாம்லா," என்றாள் பெனிட்டா. பிறகு மண் கையை உயர்த்திக் காட்டினாள். "இருக்கா டீச்சர்."

முப்பத்தெட்டு. கணக்குச் சரி. டீச்சர் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார். பஸ் கிளம்பியது.

மத்தியானம் அடுத்த பள்ளி வந்தது. அவர்களும் ஜோடி ஜோடியாகத்தான் வந்தார்கள். இந்தச் சிறுமியைக் கிள்ளினால் கண்ணீர் வரும் என்று காவலர் விளக்கினார். எல்லோரும் கிள்ளினார்கள். வந்தது. விதிப்படி அவளும் ஒவ்வொருத்தியையும் திருப்பிக் கிள்ளினாள். கிள்ளும்போது ஜோடியோடு சண்டையா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றார்கள்.

கடைசியில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒருத்தி வந்தாள். அவள் யார் கையையும் பிடித்திருக்கவில்லை.

"ஆமாக்கா," என்றாள். "காலையிலேர்ந்து அவ என்கிட்ட பேசவே இல்ல."

எஸ்தர் சிலேட்டை மடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.