பீப்பாயில் எழுதிய தேதி

1986 ஏப்ரல் 28, திங்கட்கிழமை மாலை, மொகிலியோவ் மாவட்டத்தின் தென்கிழக்கில் மழை பெய்தது. அல்ஹோவ்கா கிராமத்தில் அது முக்கால் மணி நேரம் நீடித்தது.

மழை தொடங்கியபோது யாசெப் கூட்டுப்பண்ணையின் உருளைக்கிழங்கு வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து, ரொட்டிக்குள் பன்றிக்கொழுப்பை வைத்துத் தின்றான். கண்ணாடியில் வழிந்த நீருக்கு அப்பால் சதுப்பு தெரிந்தது. அதன் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக பிர்ச் மரங்கள் நின்றன. அவற்றைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான். சாறு பிடிக்க அவன் மாட்டிய வாளிகள் ஐந்தும் இன்னும் அந்த மரங்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

எட்டு நாட்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, அவன் மனைவி தெக்லா சொல்லி அனுப்பியிருந்தாள்: போய் வாளிகளை இறக்கு, துளைகளுக்கு ஆப்பு அடி, சாறு கலங்க ஆரம்பித்துவிட்டது, இனி மரத்தை விட்டுவிட வேண்டும் என்று. அவனும் ஐந்து ஆப்புகளைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். வழியில் கொல்லன் வீட்டில் பன்றி வெட்டியிருந்தார்கள். ஈரல் வறுவலும் வீட்டில் வடித்த சாராயமும் இருந்தன. சாயங்காலம் திரும்பி வந்தபோது தெக்லா வாசலில் பால்வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

"எறக்கிட்டியா?"

"எறக்கியாச்சு."

"மரத்து வாயெல்லாம் அடைச்சியா?"

"அடைச்சேன்டி. அஞ்சும் அடைச்சேன்."

"உன் வாயத் தொற, பாப்போம்," என்றாள். அவன் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டான். ஆப்புகள் சட்டைப்பையிலேயே கிடந்தன. மறுநாள் விதைப்பு தொடங்கியது. விதைப்புக் காலத்தில் டிராக்டர்காரனுக்குத் தன் பெயரே மறந்துபோகும்.

மழைக்கு மறுநாள் மதியம் அவன் வாளிகளை எடுக்கப் போனான். மற்ற இடங்களில் பிர்ச் இலைவிட்டுச் சாறு நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. சதுப்போரத்து மண்ணில் வேருக்கடியில் குளிர் தங்கும் என்பதால் இந்த ஐந்து மட்டும் எப்போதும் கடைசிவரை சுரக்கும். வாளிகள் விளிம்புவரை நிறைந்திருந்தன. மரம் கொடுத்தது எவ்வளவு, வானம் கொடுத்தது எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? நீரின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு வளையம் படிந்திருந்தது. ஏதோ பூந்தூள் என்று நினைத்தான். வழியெல்லாம் குட்டைகளின் ஓரத்திலும் அதே மஞ்சள் இருந்தது. தொப்பியின் முனையால் அதை ஒதுக்கி வழித்து எறிந்துவிட்டு, ஐந்து வாளிகளையும் ஒரே பால்கேனில் ஊற்றினான். கீழே கொட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் ரொட்டித் துண்டையும் பிர்ச் சாற்றையும் மண்ணில் கொட்டியவர்களை அவன் பார்த்ததில்லை. அதோடு நிலவறையில் இருந்த பீப்பாய் இரண்டு சாண் குறைவாக இருந்தது. தெக்லா அதைப் பற்றி மூன்று நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பண்ணைத் தொழுவத்தில் பால் கறக்கும் நேரமாகப் பார்த்து நிலவறையில் இறங்கி, துணியில் வடிகட்டி ஊற்றினான். பீப்பாய் நிறைந்தது. ஆப்புகளை அன்றும் அடிக்கவில்லை. டிராக்டரின் எஞ்சினை அணைக்காமல் வயலில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

மாலையில் தெக்லா கீழேயிருந்து கத்தினாள். "யாசெப்! பீப்பா நெறஞ்சிருக்கே, யார் ஊத்துனா?"

"நான்தான். கடைசியா எறக்கினத டிராக்டர் கொட்டகையில வெச்சிருந்தேன். மறந்தே போயிட்டேன்."

"ஒம்பது நாளாவா? புளிச்சிருக்குமே."

"புளிக்கத்தானே போவுது. இப்ப என்ன, கல்யாணத்துக்கா குடுக்கப் போற?"

அவள் சிரித்தாள். வறுத்த வாற்கோதுமையையும் காய்ந்த பேரிக்காயையும் போட்டு, மேலே துணி கட்டி, மூடியை இறுக்கினாள். பீப்பாயின் வயிற்றில் சாக்கட்டியால் எழுதியிருந்த தேதியின்மேல் கை படாமல் பார்த்துக்கொண்டாள். ஏப்ரல் 12. அது முதல் வாளி ஊற்றிய நாள். அந்த ஊரில் எல்லா பீப்பாய்களிலும் முதல் வாளியின் தேதியைத்தான் எழுதுவார்கள். கடைசி வாளியின் தேதியை யாரும் எழுதுவதில்லை. குழந்தைக்குப் பிறந்தநாளைத்தான் எழுதி வைக்கிறோம், பால்மறந்த நாளையா எழுதுகிறோம்?

குழந்தை என்றால் அவர்களுக்கு ஒன்றுதான். நாஸ்தா, நான்கு வயது. பால் குடித்தால் அவளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக வரும். மாட்டுக்காரி மகளுக்கு மாட்டுப்பால் ஆகவில்லை என்பது தொழுவத்தில் பழைய கேலி. கூழும் சூப்பும் போக அவள் குடித்ததெல்லாம் மரச்சாறுதான். மே 4 ஈஸ்டர். அன்று பீப்பாயைத் திறந்தார்கள். லேசாகத்தான் புளித்திருந்தது, மூக்கில் ஏறியது. நாஸ்தா தகரக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். யாசெப்பும் சிரித்தான். தெற்கே எங்கோ அணு நிலையத்தில் தீப்பிடித்ததாம் என்று அப்போது ஊரில் பேச்சு இருந்தது. தெற்கு வெகுதூரம். தீ என்றால் அணைப்பார்கள்.

மே மூன்றாம் வாரத்தில் நகரத்திலிருந்து ஒரு டாக்டரும் ஒரு சிப்பாயும் வந்தார்கள். டாக்டர் முப்பது வயதுப் பெண். தலையில் வெள்ளைத் துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டியிருந்தாள். சிப்பாயின் தோளில் கதிர்வீச்சை அளக்கும் பெட்டி ஒன்று தொங்கியது. அதிலிருந்து ஒரு கம்பி வெளியே நீண்டது. வீடு வீடாகப் போய்ப் பாலைக் கொட்டச் சொன்னார்கள். கீரையைப் பிடுங்கச் சொன்னார்கள். கிணற்றை மூடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஹாப்கா, எதற்கும் வாயை மூடாதவள், தன் வேலியிலிருந்து இவர்கள் வேலிவரை பின்னாலேயே வந்தாள்.

"பாலு வேணாம், தண்ணி வேணாம், கீர வேணாம்னா எதத்தான் திங்கறது டாக்டரம்மா? உங்க பெட்டியையா?"

"கடைக்கு லாரியில தண்ணி வரும்மா. பால்மாவும் வரும்."

"எப்ப வரும்?"

"வரும்."

"ஆமா, எம் புருஷனும் வேலிக்குக் கம்பு கொண்டாரேன்னுதான் போனான். ஆறு வருஷமாச்சு."

தெக்லா அவர்களை நிலவறைக்கு அழைத்துப்போனாள். யாசெப் படியின் மேல் நின்றான். கீழே லாந்தர் வெளிச்சத்தில் சிப்பாய் கம்பியைப் பீப்பாயின் பக்கம் நீட்டினான். பிறகு சுவரின் பக்கம், பிறகு தன் பூட்ஸின் பக்கம். பெட்டியின் முள் எல்லாவற்றுக்கும் ஆடியது. "இங்க எதுல இருக்கு, எதுல இல்லன்னு இதால சொல்ல முடியாது," என்றான்.

"இது எப்ப எறக்கினது?" என்று டாக்டர் கேட்டாள். "நிலையம் தீப்பிடிச்ச இருவத்தாறாம் தேதிக்கு முன்னாடி சேத்து மூடி வெச்சதுன்னா குடிக்கலாம். பின்னாடின்னா கொட்டிடணும்."

தெக்லா லாந்தரை எடுத்துப் பீப்பாயின் வயிற்றருகே காட்டினாள். "பாருங்க. எங்கையால எழுதினது. ஏப்ரல் பன்னெண்டு. இருவதாந் தேதியே மரத்தையெல்லாம் அடைச்சாச்சு. என் வீட்டுக்காரரக் கேளுங்க."

டாக்டர் தலையை நிமிர்த்தினாள். படியின் மேல் நின்றவனின் கால்கள் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஹாப்கா அவன் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வேலியோரம் இன்னும் நாலு பேர் நின்றார்கள். இருபதாம் தேதி பொய் சொன்னேன், குடித்துவிட்டுக் கொல்லன் வீட்டில் கிடந்தேன், என்பதை இத்தனை பேருக்கு முன் எப்படிச் சொல்வது என்றுதான் அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது. நாஸ்தா அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பின்னாளில் அவன் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தது அதைத்தான்.

"ஆமா," என்றான்.

டாக்டர் நோட்டில் குறித்துக்கொண்டாள். "நல்லதா போச்சு. கொழந்தைக்கு இதையே குடுங்க."

சிப்பாய் வேலியோரம் சிகரெட் பற்ற வைத்தபோது யாசெப் அவனிடம் போய் நின்றான்.

"தம்பி, தொறந்து கெடந்த வாளியில மழத்தண்ணி விழுந்திருந்தா?"

"எந்த மழ?"

"இருவத்தெட்டாந் தேதி."

சிப்பாய் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். "அந்த மழையா? ஏன், விழுந்திருக்கா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"அத மாட்டுக்குக் கூடக் காட்டாதீங்க," என்று சொல்லிவிட்டுச் சிப்பாய் லாரியில் ஏறினான்.

அன்று சாயங்காலமே ஹாப்காவின் பேத்திகள் இருவரும் குவளையோடு வந்தார்கள். கடைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. தெருவில் தேதி எழுதிய பீப்பாய்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். மற்றவர்கள் ஈஸ்டருக்கே குடித்துத் தீர்த்திருந்தார்கள், அல்லது பயந்து கொட்டியிருந்தார்கள். தெக்லா ஆளுக்கு ஒரு குவளை ஊற்றினாள். அவள் கணக்குப் பார்க்கிறவள்தான். ஆனால் இந்தச் சாற்றில் பார்க்கவில்லை. "குடிங்கடி கண்ணுங்களா, இது முன்னாடி எறக்கினது," என்றாள். முன்னாடி என்ற சொல் அந்த மாதத்தில் ஊருக்குள் புதிதாக ஒரு பொருள் பெற்றிருந்தது. முன்னாடி போட்ட ஊறுகாய், முன்னாடி அரைத்த மாவு. அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆட்களின் முகம் இளகியது.

யாசெப் தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்தான். நாற்றம் அடிக்கிறது என்றான். தெக்லா ஒரு வாய் குடித்துப் பார்த்து, இத்தனை வருஷத்தில் இந்த வருஷத்துச் சாறுதான் அருமை என்றாள். பேரிக்காய் கெட்டுப்போயிருக்கும் என்றான். அவள் ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தாள். நானே எல்லாவற்றையும் குடித்துத் தீர்த்துவிட்டால் என்ன என்றும் ஒரு மதியம் தோன்றியது. நாலு குவளை குடித்தான். ஐந்தாவதில் தெக்லா வந்து குவளையைப் பிடுங்கினாள்.

"வெக்கமா இல்ல? கொழந்தைக்கு வெச்சிருக்கறத!"

"தெக்லா."

"என்ன?"

அவள் மேலாடையின் கைப்பகுதியால் குவளையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவள் கறந்த பாலையெல்லாம் மூன்று வாரமாக அவள் கையாலேயே குழியில் ஊற்ற வைத்திருந்தார்கள். ஆனால் இந்தப் பீப்பாயின் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அவள் முகத்தில் கலவரம் இல்லை.

"ஒண்ணுமில்ல. தாகம்," என்றான்.

ஜூன் பத்தாம் தேதி வயலில் பாதி உழவில் டிராக்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தான். மழை பெய்த கதை, கொல்லன் வீட்டுக் கதை, எதையும் சொல்லத் தேவையில்லை. பீப்பாயைக் கவிழ்த்துவிட வேண்டும். கால் தடுக்கியது என்று சொல்லலாம். குடித்திருந்தேன் என்று சொல்லலாம், அதை அவள் நம்புவாள். வாழ்நாள் முழுக்கத் திட்டட்டும். நிலவறையில் இறங்கி, தோளை முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கித் தள்ளினான். பீப்பாய் எடையே இல்லாமல் ஓடிப்போய்ச் சுவரில் மோதியது. உள்ளே இரண்டு பேரிக்காய்கள் உருளும் சத்தம் கேட்டது.

மேலே படியில் தெக்லாவின் நிழல் விழுந்தது. "அத ஏன் உருட்டற? முந்தாநாளே தீந்துபோச்சு. அடிவண்டல வடிகட்டி நாஸ்தாவுக்குக் குடுத்தேன்."

அவன் வீட்டுக்குள் போகாமல் நேரே சதுப்போரத்துக்குப் போனான். ஐந்து மரங்களிலும் துளைக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று படை படர்ந்து, வெள்ளைப் பட்டையில் முழங்கால் உயரத்திலிருந்து வேர்வரை வழிந்து காய்ந்திருந்தது. அதில் ஈக்கள் மொய்த்தன. சட்டைப்பையில் ஆப்புகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, கல்லால் தட்டி, ஐந்து துளைகளையும் அடைத்தான்.

1991இல் அல்ஹோவ்காவைக் காலி செய்தார்கள். வீடுகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். யாசெப்பின் குடும்பத்துக்கு மின்ஸ்க் ஓரத்தில் ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. ஹாப்கா பேத்திகளோடு வேறு ஊருக்குப் போனாள். கடிதம் போடவில்லை. 1993 மார்ச்சில் பள்ளிக்கூடத்தில் பரிசோதித்தபோது நாஸ்தாவின் கழுத்தில், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, ஒரு கட்டி தட்டுப்பட்டது. அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

மருத்துவமனையில் டாக்டர் வயதானவர். எல்லாப் பெற்றோரிடமும் கேட்கும் கேள்விகளைக் கேட்டார். அச்சடித்த படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டே வந்தார்.

"அந்த மே மாசம் பால் எவ்வளவு குடிச்சா?"

"குடிக்கவே இல்லீங்க," என்றாள் தெக்லா. "அவளுக்குப் பால் ஒத்துக்காது. ஒரு சொட்டு கூட இல்ல."

டாக்டரின் பேனா நின்றது. "பாலே குடிக்காத கொழந்தைங்க இங்க வர்றது கம்மி. அப்ப வேற என்ன குடுத்தீங்க?"

"பிர்ச் சாறு. முன்னாடி எறக்கினது. பீப்பாயில தேதியே எழுதியிருந்தேன். ஏப்ரல் பன்னெண்டு." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இவருதான் எறக்கினாரு. இவரையே கேளுங்க."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக யாசெப்பைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மருத்துவமனைத் தோட்டத்தில் வரிசையாக பிர்ச் மரங்கள் நின்றன. யாரோ ஒன்றில் கூரான கத்தியால் கீறி, கீறலில் ஒரு புல்லைச் செருகி, கீழே எலுமிச்சைச் சோடா பாட்டில் ஒன்றை வைத்திருந்தார்கள். புல்லின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அடுத்தது திரண்டது.

"பன்னெண்டா?" என்றார் டாக்டர்.

"பன்னெண்டு," என்றான் யாசெப்.

டாக்டர் எழுதிக்கொண்டார். ஆபரேஷன் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நடந்தது.