சிவப்புப் பெருக்கல் குறி போட்ட செல்

1

இந்தக் கதை ஒரு ஹேர் டிரையரில் தொடங்கியது. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் எழுத்து கோணலாக விழுகிறது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: டார்ச் ரிப்பேர்காரரின் மேசையில் ஆறு லித்தியம் பேட்டரி செல்கள் அழகாக மின்னின, அவற்றைப் பார்த்தால்... அடித்துவிட்டேன். அழகு என்ற சொல் இங்கே ஆகாது.

இன்னொரு ஆரம்பம். ரிப்பேர்காரர் அடியோடு வடிந்து செத்த செல்லை நல்ல செல்லோடு சில நொடி ஒயரால் இணைத்து உசுப்பிவிடுவார். எழுந்ததெல்லாம் பிழைக்காது. சார்ஜ் ஏறும்போது சூடாகிறதைக் கழற்றி, சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு வைப்பார். எந்த நேரமும் வெடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். (சுவாரசியமில்லைதான். ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.)

2

செல்லுக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை உண்டு. அந்த வீட்டில் அதற்குச் சட்டை என்று பெயர். கிழிந்தால் புதுச் சட்டை மாட்டி ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டும், சுருங்கிக் கவ்விக்கொள்ளும். அவர் மனைவிக்கு அது கைவந்த வேலை.

அன்று காலை அவர் சாமான் வாங்கப் போயிருந்தார். மேசையில் சட்டை கிழிந்த ஆறு செல்கள். மனைவி ஆறுக்கும் நீலச் சட்டை போட்டு, சார்ஜரிலும் ஏற்றினாள். குறி பழைய சட்டையோடு குப்பைக்குப் போனது.

(இந்த மனைவியை என்னால் நம்ப முடியவில்லை. இவ்வளவு கெட்டிக்காரிக்குக் குறி கண்ணில் படவில்லையா? பிறகு வருகிறேன்.)

பதினோரு மணிக்கு அவள் தம்பி வந்தான். பிளம்பர். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்கிறவன். இரண்டு கையும் குழாயில் இருக்கும் என்பதால் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வான். அவசரமாக ஒரு செல்லைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

3

ரிப்பேர்காரர் திரும்பி வந்து மேசையைப் பார்த்தார். ஐந்து செல், ஐந்தும் நீலம்.

"பெருக்கல் போட்டது எங்க?"

மனைவி நடந்ததைச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் செல்லின் உடம்பில், சட்டை மறைக்கும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. பிளேடை எடுத்து ஒவ்வொரு சட்டையாகக் கிழித்தார். முதலாவதில் பள்ளம் இல்லை. அடுத்த இரண்டிலும் இல்லை. நான்காவதோடு விரலையும் கிழித்துக்கொண்டார். (இங்கே ஒரு உவமை வைத்திருந்தேன். வெட்கங்கெட்ட உவமை, எடுத்துவிட்டேன்.) ஐந்தாவதும் வழவழவென்று இருந்தது.

நல்ல செல்லைப் பார்த்து ஒரு மனுஷர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"தம்பிக்குப் போன் போடு. வாயில வைக்காதேன்னு மட்டும் சொல்லு."

4

பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். அடிக்கப் போய் விட்டுவிட்டேன். அந்த மனைவி நான்தான்.

குறியையும் பார்த்தேன். சட்டை மாற்ற வேண்டியது இது என்று எனக்காகப் போட்ட அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளத்தையும் பார்த்தேன். நசுங்காத பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது என்று நினைத்தேன். அர்த்தம் சொல்லாதது அவர், கேட்காதது நான்.

இரண்டாம் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன்.* தம்பி செல்லை எடுக்குமுன் என்னைக் கேட்டான்.

"எது நல்லதுக்கா?"

"எல்லாம் புதுசு மாதிரிதான்டா. எதையாவது எடுத்துக்கோ."

* மறதியால் விட்டதல்ல.

5

ஒரு முடிவு: அவன் போனை எடுத்து, வேலையாக இருக்கிறேன் அக்கா என்று சலித்துக்கொள்கிறான். எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. பல்லில் டார்ச்சை வைத்திருப்பவன் எப்படிப் பேசுவான்?

இன்னொன்று: தொட்டிக்கு மேலே நின்றவர்களுக்கு உள்ளேயிருந்து ஒரு...

மாட்டேன்.

நடந்தது எனக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை. இந்த வரியில் போன் அடித்துக்கொண்டிருக்கிறது. அவன் குனிந்து குழாயைத் திருகிக்கொண்டிருக்கிறான். டார்ச் எரிகிறது. அவன் வாய் முழுசாக இருக்கிறது. நான் இன்னொரு வரி எழுதினால் அது இருக்குமோ என்னவோ.

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். முதல் வரியிலேயே அந்த டார்ச்சை அவன் பல்லிலிருந்து எடுத்துவிடுங்கள்.